பரிட்சை முடிந்த மூன்றாம் நாள்

ஏப்ரல் பிறந்தால் என் பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு தனிக் கூட்டம் சேரும். பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதி முடித்த விளையாட்டுப் பிள்ளைகள். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்து, "நரம்பு இழுத்துக்கிச்சு சார்" என்பார்கள். இழுத்துக்கொண்டது நரம்பு இல்லை, தசை. அதைத் திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அப்படி வந்த ஒருவன் 800 மீட்டர் ஓடுகிறவன். அரையாண்டுத் தேர்வோடு கிரவுண்டுக்குப் போவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் நாற்காலிதான். பரிட்சை முடிந்த மூன்றாம் நாள் ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு போய் டைம் எடுத்துப் பார்த்திருக்கிறான். முதல் சுற்று 62 வினாடி. நவம்பரில் ஓடியதைவிட ஒரே ஒரு வினாடி கூடுதல். இரண்டாவது சுற்று 79. நவம்பரில் அது 65. "முதல் ரவுண்டு நல்லாத்தான் சார் போச்சு. அப்புறம் காலு கல்லாயிடுச்சு." விட்டதைப் பிடிக்க மறுநாளே 150 மீட்டரை ஆறு முறை விரட்டி ஓடப் பார்த்திருக்கிறான். ஐந்தாவதில் தொடை போய்விட்டது.

62, 79 என்ற அந்த இரண்டு எண்களுக்குள்ளேயே விஷயம் இருக்கிறது. பயிற்சியை நிறுத்தினால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. முதலில் போவது மூச்சுதான். சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் குறையும். அதே வேகத்தில் ஓட அது கூடுதலாகத் துடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில், தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஏற்பாடும் தளர்கிறது. தசை வலு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பழகிய கால்வீச்சும் ஓட்ட நுணுக்கமும் லேசில் மறப்பதில்லை. அதனால்தான் முதல் சுற்று அவனை ஏமாற்றியது. நவம்பரில் ஓடியது போலவே ஓட அவனுக்குத் தெரிகிறது; அதைத் தாங்கும் உடம்பு ஏப்ரலில் இல்லை.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலை விட்டு எழவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, அத்தனை வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் ஆக்சிஜன் திறனை, அதாவது உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் அளவை, அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. நம் பிள்ளைகள் படுத்துக் கிடப்பதில்லைதான். ஆனால் காலை ஸ்பெஷல் கிளாஸ், பள்ளி, மாலை டியூஷன் என்று உட்கார்ந்தே இருக்கும் ஒரு பிப்ரவரி நாளை நினைத்துப் பாருங்கள்.

வளரும் வயதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த மூன்று மாதத்தில் பையன் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பான். எலும்பு நீண்டுவிடும், தசை பின்னால்தான் வரும். எடையும் கூடியிருப்பதால் "பையன் நல்லா தேறிட்டான்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இந்த வளர்ச்சி, உடற்திறனில் நேர்ந்த இழப்பை மறைத்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் வலியும் இந்த வயதில் அதிகம் வருவதற்கு, எலும்புக்குத் தசை ஈடுகொடுக்காததும் ஒரு காரணம்.

நிறுத்தியதைவிட, திரும்பிய விதம்தான் பெரும்பாலும் காயத்தைக் கொண்டுவருகிறது. 2011இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எப்.எல்.லில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை) சம்பளத் தகராறால் நாலரை மாதம் பயிற்சிக் கூடங்கள் பூட்டிக் கிடந்தன. முகாம் தொடங்கிய 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் உடம்புக்கே அந்தக் கதி. நம் ஊரில் இதோடு வெயிலும் சேர்கிறது. வெயிலைத் தாங்கும் பழக்கமும் சில வாரத்தில் போய்விடும்; திரும்ப வர ஒன்று, இரண்டு வாரம் வேண்டும்.

ஆகவே முதல் வாரம் பழைய அளவில் பாதிதான். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். முழு வேக ஓட்டம் கடைசியாக. லீவு போட்டதற்குத் தண்டனையாக ரவுண்டு ஓடவிடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், மாஸ்டர்களே. கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆபத்து அது.

பையனின் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "படிப்பு கெட்டுடுமேன்னுதான் சார் நிறுத்தினோம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுசாக நிறுத்தத் தேவையே இல்லை. வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தவர்கள் இரண்டே நாளாகக் குறைத்தும், 15 வாரம் வரை ஆக்சிஜன் திறன் இறங்காமல் இருந்ததை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். நேரத்தைக் குறைத்தாலும் அப்படியே. தீவிரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள், வார்ம்-அப்போடு சேர்த்து அரை மணி நேரம், நடுவில் மூச்சு வாங்க வைக்கும் சில ஓட்டங்கள். மொட்டை மாடியில் நடப்பது இந்தக் கணக்கில் சேராது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவன் தங்கச்சி கோ-கோ ஆடுறா சார். அடுத்த வருஷம் டென்த்" என்றார். எந்த இரண்டு நாள் என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி என்றேன்.

"வெள்ளி மேத்ஸ் டியூஷன் சார்."

சனிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தேன்.