ஊராட்சி அலமாரியில் இருக்கவேண்டிய ஒரு பதிவேடு

கடலூர்க் கரையில், கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் இடையிலுள்ள அலையாத்திக் காட்டில் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் இரண்டு கையும் தண்ணீருக்குள். எந்த வேரடியில் எப்போது இறால் ஒதுங்கும், எந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்த அறிவுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊரின் செடிகொடிகள், உயிரினங்கள், அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஏடு அது. ஒவ்வொரு ஊராட்சியிலும், நகராட்சியிலும், மாநகராட்சியிலும் ஒன்று இருக்க வேண்டும். புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் இதே கடமை உண்டு.

இதன் வேர் வெகு தூரத்தில் இருக்கிறது. 1992-ல் பிரேசிலின் ரியோ நகரில் உலக நாடுகள் பல்லுயிர் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. உயிரினங்களைக் காப்பது, அழியாதபடி பயன்படுத்துவது, அதில் வரும் பலனை நியாயமாகப் பங்கிடுவது என்ற மூன்றும்தான் அதன் நோக்கம். ஒரு நாட்டின் செடிகொடிகள் மீது உரிமை அந்த நாட்டுக்கே என்பதையும் அது ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்தில் இது எவ்வளவு தேவையாக இருந்தது என்பதற்கு மஞ்சள் ஒன்றே போதும். மஞ்சள் பூசினால் புண் ஆறும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே என்று சொல்லி அதை உடைக்க முடியவில்லை. பழைய நூல்களையும், 1953-ல் வெளியான ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் 1997-ல் ரத்தானது. எழுத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

ரியோவில் கொடுத்த வாக்கை நிறைவேற்ற இந்தியா 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றியது. மூன்றடுக்கு ஏற்பாடு. மேலே சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம், நடுவில் மாநில வாரியம், அடியில் உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு. வெளிநாட்டவர் நம் மண்ணின் உயிர்வளத்தை ஆய்வுக்கோ வியாபாரத்துக்கோ எடுக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். நம் நாட்டு நிறுவனமானால் வியாபாரத்துக்கு எடுக்கும் முன் மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் கொல்லையில் தூதுவளை பறிப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உள்ளூர் மக்களுக்கும், பயிரிடுகிறவர்களுக்கும், நாட்டு வைத்தியர்களுக்கும் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடியில் இருக்கும் குழுதான். 2004-ம் ஆண்டு விதிகளில் ஒரு தலைவரும் ஆறு உறுப்பினர்களும் என்று இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். 2023-ல் வந்த திருத்தம் உறுப்பினர் எண்ணிக்கையை 7 முதல் 11 வரை என்று மாற்றியது. பதிவேடு எழுதுவது மட்டும் இந்தக் குழுவின் வேலை அல்ல. அதன் எல்லைக்குள் உள்ள உயிர்வளத்தைப் பற்றி ஆணையமோ வாரியமோ முடிவெடுக்கும்போது குழுவைக் கலந்து பேசியாக வேண்டும் என்கிறது 41-வது பிரிவு. வியாபாரத்துக்காக மூலிகையோ வேறு எதுவோ அள்ளிப் போகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது. அந்தப் பணம் ஊரின் பல்லுயிர் நிதியில் சேரும். உள்நாட்டு நிறுவனங்களும் பலனில் பங்கு தர வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் 2023 திருத்தம், நூல்களில் முறையாகத் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலனில் பங்கு தருவதிலிருந்து சலுகை கொடுத்தது. சுவடியில் எழுதிவைத்த சித்த மருத்துவ மரபு உள்ள தமிழ்நாட்டுக்கு இது இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பதிவேட்டில் ஊர்ப்பெயர் ஓரிடத்திலும் அறிவியல் பெயர் ஓரிடத்திலும் வரும். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்றால் தாங்குவேர் ஊன்றி உப்புநீரில் நிற்கிற மரம், ரைசோபோரா. சித்த வைத்தியர் சொல்லும் சுரபுன்னை வேறு மரம். இரண்டும் ஒரே பெயரில் ஏட்டில் ஏறினால் அந்த ஏடு யாருக்கும் உதவாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தைக் கோயிலைச் சுற்றித் தேடினால் காண முடியாது, பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அறிவியலில் அது எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா. அந்தப் பெயரை ஏட்டில் எழுதிவிட்டால் உலகில் எங்கே அந்த மரத்தை ஆராய்ந்தாலும் அந்தத் தகவல் நம் ஊருக்கும் சேரும். பெயர் சரிபார்க்க நாம் வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களை உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் குறித்து வைத்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

அறிவியலும் அரசும் ஊரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரமே காட்டியது. வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970-கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து அமுங்கி, காட்டின் நடுப்பகுதி தட்டு மாதிரி குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி வற்றி உப்பேறியது. அதற்குப் பிறகு எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. ஆடுமாடு மேய்வதும் ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும்தான் காரணம் என்று பழி வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தின் மட்டத்தை அளந்து பார்த்தபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. கனடா நாட்டு உதவியோடு, வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது. உப்பு கழுவிப் போக, கன்றுகள் பிடித்துக்கொண்டன.

2004 சுனாமிக்குப் பிறகு டென்மார்க், இந்தியா உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் கடலூர்க் கரையை ஆராய்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். மேட்டில் இருந்ததும் கரையிலிருந்து தள்ளி இருந்ததும்தான் அந்த ஊர்களைக் காத்தன என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதம் நல்லதே. அது எப்படி முடிந்தாலும், அலையாத்திக் காடு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறது. 1000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் காப்பு இடம் விட வேண்டும் என்று 2019 அறிவிக்கை சொல்கிறது. 2022-ல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

உயிரினங்களைப் பற்றிய அறிவைத் திரட்டி அரசுகளுக்குச் சொல்லும் வேலையை உலக அளவில் செய்வதற்கென்றே 2012-ல் ஐ.பி.பி.இ.எஸ். என்ற அரசுகளுக்கிடையிலான மன்றம் தொடங்கப்பட்டது. அது 2019-ல் வெளியிட்ட அறிக்கைதான் சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாகச் சொன்னது. அதன் சுருக்கத்தை நாடுகளின் பிரதிநிதிகள் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்தார்கள். பூர்வகுடிகளின் அறிவையும் சான்றாக எடுத்துக்கொண்டது அதில் எனக்குப் பிடித்த அம்சம். கிள்ளைப் பெண்களுக்குத் தெரிந்தது அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால் முதல் படி ஊராட்சி ஏடுதான்.

அந்த ஏடு நம்மிடம் எப்படி இருக்கிறது? பதிவேடு எழுதாத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட நேரிடும் என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. அதன் பிறகு நாடு முழுக்க 2.5 லட்சத்துக்கும் அதிகமான பதிவேடுகள் மளமளவென்று தயாராயின. நான் பார்த்த ஒரு கரையோர ஊராட்சியின் ஏட்டில் மலைப்பகுதி மரம் ஒன்று இருந்தது, ஆனால் அந்த ஊர்க் குளத்தங்கரையில் நிற்கும் இலுப்பை இல்லை. மீன் பக்கத்தில் நான்கே பெயர்கள். அதே ஊரில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "தம்பி, எழுதிக்கிறதுன்னா உக்காருங்க" என்று ஆரம்பித்தவர், கெளுத்தி, மடவை, கொடுவா, கிழங்கான் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஏட்டில் புதிதாகச் சேர்க்கலாம், தவறைத் திருத்தலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அங்கே பல்லுயிர்க் குழு உறுப்பினர்கள் யார் யார் என்று கேளுங்கள், ஏட்டை வாசிக்கச் சொல்லுங்கள், விடுபட்டதைச் சேர்க்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குடும்ப வைத்தியத்தின் ரகசியப் பக்குவத்தை ஏட்டில் எழுதித் தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வைத்தியரின் பெயரும் அவர் பயன்படுத்தும் செடியும் போதும். செடியின் பெயர் சந்தேகமாக இருந்தால் பூவும் இலையுமாக ஒரு கொப்பை ஒடித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, பறித்த இடத்தையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.