சாம்பல் குறைந்த ஆயிலும் டீசல் கார் வாரண்டியும்

கடையில் "5டபிள்யூ-30 குடுங்க" என்று கேட்டு ஆயில் வாங்குகிறவர்களே அதிகம். அந்த எண் ஆயிலின் தடிமனை மட்டும் சொல்லும். வாரண்டிக்கு முக்கியம், கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறியீடு. ஐரோப்பிய வாகனக் கம்பெனிகளின் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த தரங்களில், ஒரே 5டபிள்யூ-30இல் ஏ3/பி4 ஆயிலும் உண்டு, சி3 ஆயிலும் உண்டு. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் காருக்கு முதலாவது ஆகாது.

காரணம் சாம்பல். என்ஜின் அழுக்கை வெளுக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் ஆயிலில் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மங்களைக் கலப்பார்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டும் கொஞ்சம் ஆயில் எரியும்போது இந்த உலோகங்கள் சாம்பலாகிப் புகையோடு போய் வடிகட்டியில் தங்கும். அங்கே சேரும் கரியை என்ஜின் அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூடேற்றி எரித்துவிடும். சாம்பல் எரியாது, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது விலை உயர்ந்த அந்த வடிகட்டியையே மாற்ற வேண்டும்.

ஏ3/பி4 ஆயிலில் சாம்பல் 1.0 முதல் 1.6 சதவீதம் வரை; சி3இல் அதிகபட்சம் 0.8. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் என்ஜின் ஒரு லட்சம் கிலோமீட்டரில் எரிப்பது சுமார் 8.5 கிலோ. சாம்பல் 1.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 128 கிராம், 0.8 என்றால் 68 கிராம். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் தரக்குறியீடான, லாரிக்கான சிகே-4 ஆயிலும் 1.0 சதவீதம் வரை போகலாம். கையேடு சி3 கேட்டால் அது மாற்று ஆகாது. பழைய சிஐ-4இல் சாம்பலுக்கு வரம்பே கிடையாது.

கையேட்டில் எம்.பி. 229.51 (மெர்சிடிஸ் பென்ஸ்) போன்ற கம்பெனிக் குறியீடு இருந்தால், கேனில் அதே எண்ணுக்குப் பக்கத்தில் "அப்ரூவல்" என்று இருக்கிறதா பாருங்கள். "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்" என்பதெல்லாம் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்ததாக அர்த்தமில்லை. வெளியே ஆயில் மாற்றினால் பில்லில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் பெயர், குறியீடு, அளவு, ஃபில்டர் பார்ட் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். "என்ஜின் ஆயில் 1 செட்" என்ற பில் க்ளெய்ம் நேரத்தில் எதற்கும் உதவாது. கேனின் பேட்ச் நம்பரையும் படமெடுத்து வையுங்கள்.

சரியான ஆயிலும் சீக்கிரம் கெடலாம். கரியை எரிக்கும்போது பல கார்களில் சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும். ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் எரிப்பு பாதியில் நிற்கும், டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் தேயும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.