நிலவில் இறங்கியதைவிட அங்கிருந்து கிளம்பியதுதான் பெரிது

அப்பல்லோ 11 என்றதும் எல்லோருக்கும் ஆம்ஸ்ட்ராங் எடுத்து வைத்த முதல் அடிதான் நினைவுக்கு வரும். எனக்கு அதற்குப் பதினைந்து மணி நேரம் கழித்து நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. 1969 ஜூலை 21 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஒரே ஒரு எஞ்சினை நம்பி நிலவின் தரையிலிருந்து மேலே கிளம்பினார்கள். அது பற்றாமல் போயிருந்தால் வேறு வழியே கிடையாது. மேலே கொலம்பியா கலத்தில் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ் இறங்கி வந்து அவர்களை ஏற்றிக்கொள்ள முடியாது. தரையிறங்குவதற்கான அமைப்பு எதுவும் அவருடைய கலத்தில் இல்லை.

இவ்வளவு ஆபத்தான ஏற்பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எல்லாம் எடைக் கணக்குதான்.

1961 மே மாதம் கென்னடி நிலவுப் பயணத்தை அறிவித்தபோது, எப்படிப் போவது என்று நாசாவே முடிவு செய்திருக்கவில்லை. ஒரு பெரிய கலத்தை அப்படியே நிலவில் இறக்கி, அதிலேயே பூமிக்குத் திரும்புவது ஒரு யோசனை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பூமியின் காற்று மண்டலத்தில் நுழையும்போது மட்டுமே தேவைப்படும் வெப்பக் கவசத்தையும், வீடு திரும்பத் தேவையான எரிபொருளையும் நிலவின் தரை வரை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் வேகத்தைக் குறைக்க எரிபொருள், மேலே தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். அதற்கு ‘நோவா’ என்ற ராட்சத ராக்கெட் வேண்டியிருந்தது. அது கடைசிவரை வரைபடத்தைத் தாண்டவில்லை.

நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் வேறொரு வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார். மலையேறுகிறவர் ஊருக்குத் திரும்பும்போது வேண்டிய மூட்டையை அடிவாரத்திலேயே வைத்துவிட்டு ஏறுவதைப் போல, தாய்க்கலத்தை நிலவைச் சுற்ற விட்டுவிட்டு ஒரு சின்னக் கலம் மட்டும் இறங்கட்டும். வேலை முடிந்ததும் ஏறிவந்து தாய்க்கலத்தோடு சேரட்டும். சோவியத் பொறியாளர் யூரி கோண்ட்ராத்யுக் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த யோசனைதான் இது. ஆனாலும் கூட்டங்களில் ஹூபோல்ட்டின் எண்களே பொய் என்றார்கள். 1961 நவம்பரில் அவர் மேலதிகாரிகளை எல்லாம் தாண்டி, நாசா தலைமையில் இருந்த ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். நிலவுக்குப் போகப் போகிறோமா இல்லையா என்றே அதில் கேட்டார். பூமியின் சுற்றுப்பாதையில் கலங்களை இணைக்கலாம் என்று வாதாடிவந்த, நாசாவின் ராக்கெட் நிபுணர் வான் பிரவுன் 1962 ஜூனில் ஹூபோல்ட்டின் பக்கம் வந்தார். அடுத்த மாதமே முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் இப்படித் தன் கருத்தை மாற்றிக்கொண்டதை அப்பல்லோவின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இந்த வழியில் ஒரே சிக்கல், விண்வெளியில் ஒரு கலம் இன்னொன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதுதான். 1961-இல் அதை யாருமே செய்து பார்த்ததில்லை. அது சாலையில் முன்னால் போகும் வண்டியைப் பிடிக்கிற கதையும் இல்லை. சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்குப் போய்விடும். உயரப் பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும் என்பதால், துரத்துகிற கலம்தான் பின்தங்கும். 1965 ஜூனில் பூமியைச் சுற்றிய ஜெமினி 4 கலத்தில் சென்ற விண்வெளி வீரர் மெக்டிவிட் இதை நேரிலேயே அனுபவித்தார். கண்ணுக்குத் தெரிந்த ராக்கெட் பாகத்தை நோக்கி எஞ்சினை இயக்க இயக்க அது விலகியே போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். பிடிக்க வேண்டுமென்றால் முதலில் தாழ்வான பாதையில் சுற்றி, அங்கே கிடைக்கும் வேகத்தால் நெருங்கி, கடைசியில் மேலே ஏற வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6-ஏ, ஜெமினி 7 கலங்கள் அப்படி அருகருகே வந்தன. 1966 மார்ச்சில் ஜெமினி 8-ஐ அஜீனா என்ற ஆளில்லாத கலத்தோடு முதன்முதலில் இணைத்தவர் ஆம்ஸ்ட்ராங். ஆல்ட்ரினோ இந்தச் சந்திப்புக் கணக்கில்தான் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்.

இனி அந்த எஞ்சினுக்கு வருவோம். அதில் பம்பு கிடையாது, தீப்பொறி தரும் கருவி கிடையாது. ஒரு தொட்டியில் ஹைட்ரசின் கலவை, இன்னொன்றில் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும். ஹீலியத்தின் அழுத்தம் அவற்றை உள்ளே தள்ளும். வால்வு திறந்தால் போதும். கெட்டுப்போக வழியுள்ள பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதுதான் அந்த எஞ்சின். ஆனால் அந்த ரசாயனங்கள் உலோகத்தை அரிப்பவை. ஒருமுறை எரித்துப் பார்த்த எஞ்சினை அப்படியே பயணத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு எஞ்சினும் முதன்முதலாக எரிந்தது உண்மையான பயணத்தில்தான்.

அவர்கள் இறங்கிய சின்னக் கலமான ஈகிளுக்குள் இன்னொரு சங்கடமும் காத்திருந்தது. நிலவில் நடந்துவிட்டு உள்ளே வந்த ஆல்ட்ரின், தரையில் ஒரு சுவிட்சின் முனை உடைந்து கிடப்பதைப் பார்த்தார். அந்த எஞ்சினை ஆயத்தப்படுத்தும் மின்சுற்றுக்கான சுவிட்ச்! கையிலிருந்த ஒரு ஸ்கெட்ச் பேனாவின் முனையால் அதை உள்ளே அழுத்தினார். சுற்று இணைந்தது.

கிளம்பும் நேரத்தில் வெடி போல்ட்டுகள் கலத்தை இரண்டாகப் பிரித்தன. கால்கள் உள்ள கீழ்ப்பாதி ஏவுதளமாக அங்கேயே நின்றுவிட, ஐந்து டன்னுக்கும் குறைவான மேல்பாதி மட்டும் எழும்பியது. எஞ்சினின் வீச்சில் அவர்கள் நட்ட கொடி சாய்ந்ததை ஆல்ட்ரின் பார்த்தார். சுமார் ஏழு நிமிடம் எஞ்சின் எரிந்தது. கொலம்பியா ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, ஈகிள் தாழ்வான பாதையில் ஓடி இடைவெளியைக் குறைத்து, படிப்படியாக உயர்ந்து, மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு அதோடு இணைந்தது. சுமார் 2,900 டன் எடையோடு புறப்பட்ட சாட்டர்ன் 5 ராக்கெட்டில் கடைசியாகப் பசிபிக் கடலில் வந்து விழுந்தது ஐந்து டன் அளவுள்ள கூம்பு மட்டும்தான்.

1972 வரை ஆறு தரையிறக்கங்கள், ஆறு புறப்பாடுகள். ஒருமுறைகூட அந்த எஞ்சின் கைவிடவில்லை. இரண்டு கலங்கள் என்ற ஏற்பாட்டால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, நிலவில் இறங்கவேண்டிய சின்னக் கலம்தான் மூன்று பேருக்கும் அடைக்கலம் தந்தது. ஹூபோல்ட் சொன்ன வழியில் போயிருக்காவிட்டால் அப்படியொரு இரண்டாவது கலமே இருந்திருக்காது.

வேலை முடிந்த மேல்பாதிகளையும் அவர்கள் வீணாக்கவில்லை. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 தன் மேல்பாதியை வேண்டுமென்றே நிலவின் மேல் மோதவிட்டது. தரையில் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானி ஒரு மணி நேரத்தை நெருங்கும் அளவுக்கு அந்த அதிர்வைப் பதிவு செய்துகொண்டே இருந்தது. பூமியில் இப்படியொரு மோதலின் அதிர்வு சீக்கிரமே அடங்கிவிடும். நிலவின் மேலோடு நீரே இல்லாமல் வறண்டு, நொறுங்கிக் கிடப்பதால்தான் அதிர்வு அவ்வளவு நேரம் உள்ளேயே சிதறிக்கொண்டிருந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.