"கணக்கு எங்க?" என்று ஒருவர் கேட்டால்

வைகாசிச் சடங்கு முடிந்து இரண்டு நாள் என்று வையுங்கள். ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வட்ஸ்அப் குறூப்பில் இரவு ஒன்பதரைக்கு ஒருவர் எழுதுகிறார்: "கணக்கு எங்க?" கேட்டவருக்கு லைட்காரருக்குக் கொடுத்த தொகையைப் பார்க்க வேண்டியிருக்கலாம். பொருளாளர் வாசித்தது வேறு. "அப்ப நான் கள்ளன் எண்டுறியா?" அதற்குப் பிறகு கணக்குக் கொப்பியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

உளவளத்துணைக்கு வரும் குறூப் சண்டைகளை அவிழ்த்துப் பார்த்தால், பலவற்றின் அடியில் இப்படி ஒரு வரிதான் கிடக்கும். எழுத்தில் குரல் இல்லை. வாசிப்பவர் தன் மனநிலையில் ஒரு குரலைப் போட்டுக்கொள்கிறார். ஜஸ்டின் க்ரூகரும் அவரோடு சேர்ந்த உளவியலாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. தாங்கள் எழுதியது கிண்டலா, உண்மையா என்பதை மின்னஞ்சலில் வாசிப்பவர் 100க்கு 78 தடவை சரியாகப் பிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். பிடிபட்டது 56 தடவை. காசைச் சுண்டினாலே 50 வரும்.

நம் "ஓம்" ஒன்றே போதும். வாயால் சொன்னால் சம்மதமா, சலிப்பா, நக்கலா என்று தெரியும்; திரையில் எல்லாம் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், "வீடு"ம் "விடு"ம் ஒரே மாதிரித்தான் வரும். காசு, காணி, கல்யாணம் பற்றிய பேச்சையாவது தமிழ் எழுத்தில் அடியுங்கள்.

கோபம் வரும்போது அட்ரினலின் ஏறி, நெஞ்சு வேகமாக அடிக்கும். தம்பதியரின் வாக்குவாதங்களைப் பல வருடம் ஆராய்ந்த ஜோன் கொட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது ஒழுங்காக மண்டையில் ஏறாது என்பார். அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். பதில் அனுப்பவோ ஒரு நொடி போதும். எல்லா வம்பும் இந்த இடைவெளியில்தான்.

அந்த 20 நிமிடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு "இப்படிக் கேக்கணும், அப்படிக் கேக்கணும்" என்று மனதுக்குள் வசனம் கட்டினால் உடம்பு ஆறாது. அது காத்திருப்பல்ல, அடுப்புக்கு விறகு வைப்பது. போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போங்கள், கோப்பை கழுவுங்கள். மூச்சை 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். எழுதியே ஆகவேண்டும் என்றால் பதில் பெட்டியில் எழுதாதீர்கள், கை தவறும். நோட்ஸில் எழுதுங்கள்.

பிறகு எழுதியதை எடுத்து, "நீ" என்று வந்த இடத்தையெல்லாம் "நீங்க" ஆக்கிப் பாருங்கள். "நீ என்ன செஞ்ச?" என்பது "நீங்க என்ன செஞ்சீங்க?" ஆனதுமே பாதிச் சூடு போய்விடும். சண்டையில் முதலில் நழுவுவது இந்த "ங்க" தான். அண்ணன், மாமா, காக்கா என்று நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ, அதை முன்னால் போடுங்கள். வழமையாக "சேர்" என்பவரைத் திடீரென்று "தம்பி" என்றால் அது மரியாதை அல்ல, குத்து.

அதற்குப் பிறகும் குறூப்பில் போடாமல் கோல் எடுப்பதுதான் நல்லது. 180 பேர் பார்த்துக்கொண்டிருக்க இறங்கிப்போக யாருக்கும் மனம் வராது. "அண்ணன், நீங்க கேட்டது கொப்பியையா, இல்ல காசு குறையுது எண்டா?" கேள்வி அவ்வளவுதான்.

திரும்பக் கேட்காததன் விலை அம்பாறைக்குத் தெரியும். 2018 பெப்ரவரி 26 இரவு, நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கட்டி ஒன்று கிடந்ததாகப் பிரச்சினை. பிள்ளை பிறக்காமல் செய்யும் மலட்டு மருந்து போட்டாயா என்று சாப்பிட வந்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர், கூட்டத்துக்குப் பயந்து ஆமென்பதுபோல் சொன்னது வீடியோவாகி பேஸ்புக்கில் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

ஆகவே இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியைக் கண்டால் விரலை எடுங்கள். ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது என்பதே அந்தக் குறியின் பொருள். அனுப்பியவரிடம், "இது உங்களுக்கு யார் தந்தது?" என்று தனியாகக் கேட்டால் போதும்; குறூப்பில் வைத்து "பொய்" என்றால் அவர் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

தவறிப்போய் அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளளவில் எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் அழித்த தடம் அப்படியே நிற்கும், ஸ்கிரீன்ஷொட் எடுத்தவரிடம் வசனமும் நிற்கும். திட்டியது குறூப்பில் என்றால் மன்னிப்பும் குறூப்பில்தான். "உங்கட மனம் நொந்திருந்தால்" என்று இழுக்கக் கூடாது. நொந்ததா இல்லையா என்ற சந்தேகத்தை அந்த "இருந்தால்" மறுபடி கிளப்பும். பொருளாளரைச் சந்தேகப்பட்டு எழுதியவர் என்றால் இவ்வளவு போதும்: "நேற்று நான் எழுதினது பிழை. கொப்பிய பார்த்தன், கணக்கு சரி. மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன்."