பழைய கம்ப்யூட்டரை எழுப்பும் முன்: பேட்டரியும் கெபாசிட்டரும்

சேலத்தில் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டர்களை ஓட வைப்பவர்களுக்கு இரண்டு விதமான மெஷின் கைக்கு வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஈரக்காற்று. கீழே இறங்கினால் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் சேலம். காப்பி எஸ்டேட் ஆபீஸில் கிடந்த 386 பிராசஸர் போட்ட பழைய கம்ப்யூட்டரும், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்குப் போட்ட 386-ம் ஒரே வயதாக இருக்கலாம். கெட்டுப்போன விதம்தான் வேறு. இரண்டிலும் பிராசஸர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது அதைச் சுற்றி இருக்கும் ஈரமான சாமான்கள்: பேட்டரிக்குள் உள்ள காரம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டருக்குள் உள்ள திரவம்.

மலையிலிருந்து வந்த மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில், கரண்ட் போனாலும் தேதியையும் நேரத்தையும் மறக்காத ஒரு சிப் இருந்தது. அதன் நினைவகம் மொத்தமே 64 பைட். 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட், என்ன டிஸ்க், எவ்வளவு ரேம் போன்ற செட்டப் விவரங்களுக்கு. பின்னால் வந்த 286, 386, 486 மதர்போர்டுகள் பலவற்றில் இந்த நினைவைக் காப்பாற்ற 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியை போர்டிலேயே பற்றவைத்தார்கள். சின்ன பீப்பாய் மாதிரி இருக்கும்.

வருஷங்கள் போனால் அதன் சீல் விட்டுவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே ஊர்ந்து வரும். இந்தக் காரத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஏற்காட்டுக் காற்றில் அது காயவே காயாது. செம்புத் தடங்களின் வழியாக, பச்சைப் பூச்சுக்கு அடியில் நகர்ந்து அரித்துக்கொண்டே போகும். பல போர்டுகளில் கீபோர்டு சாக்கெட்டும் அதன் கன்ட்ரோலர் சிப்பும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முதல் அடி அங்கேதான் விழும்.

வைத்தியம் எளிது. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பச்சை பூத்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சால் தடவ வேண்டும். வினிகரின் அமிலம் காரத்தை முறிக்கும். அப்புறம் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு நன்றாக உலர்த்த வேண்டும். வினிகர் மிச்சமிருந்தால் அதுவும் அரிக்கும். பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடத்தையும் தொட்டுப் பார்த்து, அறுந்ததை மெல்லிய எனாமல் கம்பியால் இணைக்கலாம். பழைய பேட்டரி இருந்த இடத்தில் சிஆர்2032 பட்டன் செல்லை அப்படியே பற்றவைக்கக் கூடாது. போர்டு அதற்கு சார்ஜ் ஏற்றப் பார்க்கும். அது சார்ஜ் ஏற்றும் ரகமல்ல, வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. நடுவில் ஒரு டையோடு போட்டால் கரண்ட் திரும்பி வராது. "இன்னும் கசியவில்லையே" என்று பழைய பேட்டரியை விட்டுவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்டு கைக்கு வந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும்.

சேலத்து மெஷினில் எதிரி வெயில். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் திரவத்தில் நனைந்த காகிதம் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். அதே கெபாசிட்டர் 75 டிகிரியில் ஓடினால் 16,000 தான். திரவம் குறையக் குறைய உள்தடை ஏறும், வோல்டேஜ் அலையடிக்கும், கம்ப்யூட்டர் காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும்.

அதனால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ஐ நேராக பிளக்கில் செருகாதீர்கள். நம் ஊர் டெக்னீஷியன்களின் சீரீஸ் பல்பை நான் மிகவும் மதிக்கிறேன். 230 வோல்ட் லைனில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து, அதன் வழியே எஸ்எம்பிஎஸ்-க்குக் கரண்ட் கொடுப்பது. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, சூடேறினால் பத்து மடங்குக்கும் மேல் கூடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து வோல்டேஜைத் தானே வாங்கிக்கொள்ளும். ஃபியூஸும் போகாது, புகையும் வராது. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் கெபாசிட்டர் நிறையும்வரை ஒரு மின்னல், பிறகு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. எஸ்எம்பிஎஸ்-க்குள் 230 வோல்ட் ஏசி-யை டிசி-யாக மாற்றினால் சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் அது தங்கும். வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே நின்றால் மதர்போர்டை இணைக்கலாம். பழைய ஏடி எஸ்எம்பிஎஸ்-ல் இரண்டு கனெக்டர் வரும்; கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் அமைய வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். டிஸ்பிளே வராவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். தொடுமுனையில் படிந்த ஆக்சைடு அதில் போய்விடும்.

பீப் சத்தத்துடன் திரை வந்ததும் செட்டப் காலியாக இருக்கும். அந்த 50 பைட் அழிந்துவிட்டதே. அந்தக் கால பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் முதல் புரோகிராம்) பலவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நாம்தான் தட்ட வேண்டும். லேபிள் உரிவதற்குள் அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.