ஆக்‌ஷன் ஹீரோயினுக்குத் தமிழ் என்ன?

மருமகள் பள்ளிக்கூட ஒப்படை ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் சண்டை போடும் பெண்களைப் பற்றியது. நாலு பக்கத்திலும் ‘ஆக்‌ஷன் ஹீரோயின்’ என்றே எழுதிவிட்டு, “மாமா, தமிழில எழுதச் சொல்லி ரீச்சர் சொன்னவ, என்ன போடுற?” என்றாள். ‘அதிரடி நாயகி’ என்று போடு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளர்ந்தவர்களுக்கு அதிரடி என்றால் முதலில் ஞாபகம் வருவது இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப்படை, அதாவது எஸ்.ரி.எஃப்.தான். “எஸ்.ரி.எஃப்பில சேர்ந்த நடிகை மாதிரிக் கிடக்கு மாமா.”

சரி, வேறு சொல் தேடலாம் என்று உட்கார்ந்தோம். சொல்லைத் தேடப் போய் வேறு சங்கதிகள்தான் அகப்பட்டன.

ஹீரோ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. போரில் பேரெடுத்து, பாதித் தெய்வமாகவே எண்ணப்பட்ட வீரர்களுக்கு வழங்கிய பெயர். ஹீரோயின் அதன் பெண்பால். அப்படியானால் ஹீரோயின் என்றாலே வீரம் செய்தவள் என்றுதான் பொருள்பட வேண்டும். நம்முடைய பேச்சிலோ ஹீரோவோடு பாட்டுக்கு ஆடுகிறவள்தான் ஹீரோயின். அவளே அடிக்கத் தொடங்கும்போது முன்னால் ‘ஆக்‌ஷன்’ என்று ஒன்றை ஒட்டவேண்டி வருகிறது. ஆணுக்கும் ஆக்‌ஷன் ஹீரோ என்கிறார்களே என்று கேட்கலாம். ஆனால் வெறும் ஹீரோவும் படம் முடியுமுன் நாலு பேரையாவது தூக்கிப் போடாமல் விடுவதில்லை.

நாயகிக்கும் இதே கதிதான். நாயகன், நாயகி இரண்டும் வடமொழியில் ‘நடத்திச் செல்’ என்ற பொருளுள்ள ‘நீ’ என்னும் வேரிலிருந்து வந்தவை. கோயிலில் அம்மனை நாயகி என்னும்போது அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சினிமாவில் ‘கதா’வைச் சேர்த்ததும் கதையை நடத்துகிறவன் நாயகன், அவன் பின்னால் வருகிறவள் நாயகி என்று ஆகிவிட்டது.

பழைய தமிழுக்குப் போனேன். விறல் என்றால் வலிமை, வெற்றி. அதிலிருந்து பிறந்த விறலோன் வீரன். விறலி? பாணரோடு ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடுகிறவள். விறல் என்பதற்கு மெய்ப்பாடு என்றும் பொருள் உண்டு, அதனால் உணர்ச்சி தோன்ற ஆடுபவள் விறலி என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அது சரியான விளக்கந்தான். இருந்தாலும் ஒரே சொல்லின் வலிமை ஆணுக்கும் ஆட்டம் பெண்ணுக்கும் போனதைப் பார்த்தால் எனக்கு இன்றைய சினிமாச் சுவரொட்டிதான் கண்ணுக்குள் வருகிறது.

பேச்சு வழக்கில் சண்டைக்காரி இருக்கிறாள். அவள் குழாயடியில் வாய் காட்டுகிறவள், திரைக்கு வரமாட்டாள். மறத்தி நல்ல ஓசையுள்ள சொல், ஆனால் மறவர் குலப் பெண் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. போராளி என்று போடலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ வீடுகளின் படங்கள் மாட்டியிருக்கின்றன.

வீராங்கனைதான் எல்லோரும் கைகாட்டும் சொல். வீரமும் அங்கனையும் சேர்ந்தது. அங்கனை என்றால் பெண். முதலெழுத்தில் கை தவறினால் வாராங்கனை ஆகிவிடும். அதற்குப் பொருள் விலைமகள், ஆகவே அச்சுக்கோப்பவர் கவனமாக இருக்கவேண்டும். ஆனால் இலங்கைப் பத்திரிகையில் வீராங்கனை என்று கண்டால் நாங்கள் எதிர்பார்ப்பது வலைப்பந்தாட்டச் செய்தியை. தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்ட வீராங்கனை. சொல் விளையாட்டரங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது, அங்கே நன்றாகவும் இருக்கிறது.

இந்தச் சண்டைக்காரிகள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால் சொல் ஏன் அகப்படவில்லை என்பதும் கொஞ்சம் விளங்கும். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பெண் முன்னைய போர்களில் வீட்டு ஆண்களை இழந்தவள். ஒரே மகனையும் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மூதின்முல்லை என்று அதற்குத் துறையே உண்டு. வீரம் அவளுடையது, களம் அவளுடையதல்ல. கண்ணகி தானே அரசவைக்குப் போனாள், மதுரையை எரித்தாள். ஆனால் அதற்குமுன் கோவலன் கொலையுண்ண வேண்டியிருந்தது. எங்கள் ஊர்களில், செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும், வைகாசியில் கண்ணகை அம்மனின் கதவு திறந்து, அவள் கதையான வழக்குரையைப் பாடி, கடைசியில் குளிர்த்தி செய்கிறோம். எரித்தவளை ஆண்டுக்கொருமுறை குளிர வைக்கிறோம். சின்ன வயதில் எனக்கு அது திருவிழாவாக மட்டுமே தெரிந்தது. இப்போது அந்தக் கோபத்துக்கு ஊர் இன்னும் பயப்படுகிறதோ என்றும் தோன்றுகிறது.

சினிமா இந்தக் கணக்கை விடவில்லை. ஆண் அடிப்பதற்கு அவன் ஹீரோ என்பதே போதும், பெண்ணுக்கு ஓர் இழப்பு வேண்டும், அல்லது காப்பாற்ற ஒரு பிள்ளை வேண்டும். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் கதையை எழுதியபோது பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்று குறிப்பே எழுதி வைத்திருந்தார்கள். சிகோர்னி வீவர் நடித்த ரிப்ளி அதனால்தான் யாருடைய மனைவியாகவும் தாயாகவும் இல்லாமல் விண்கலத்தில் வேலை செய்கிற ஒருத்தியாகவே தப்பிப் பிழைக்கிறாள். 1986இல் அடுத்த பாகம் எடுத்தபோது கையில் ஒரு சிறுமியைக் கொடுத்துவிட்டார்கள்.

விளையாட்டுகளில் வேறு தொல்லை. அதே 1986இல் ‘மெட்ராய்ட்’ என்ற நின்டென்டோ விளையாட்டில் முழுக்கக் கவசம் போட்ட வீரர் ஒருவர். ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் தலைக்கவசம் கழன்று, அது சாமஸ் என்ற பெண் என்று தெரியவரும். இன்னும் சீக்கிரம் முடித்தால் இன்னும் குறைந்த உடுப்பில் நிற்பாள். 1996இல் ‘டூம் ரெய்டர்’ விளையாட்டில் வந்த லாரா குரொஃப்டுக்கு அடிப்பதற்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை, ஆனால் அவளை வரைந்த கைக்கு இடுப்புக்கு மேலே கவனம் அதிகம்.

காமிக்ஸ்தான் எனக்குப் பிடித்தது. 1984இல் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாடஸ்டி ஓர் ஆங்கிலக் காமிக்ஸின் நாயகி. அவளுக்குக் கூட்டாளியாக வரும் கார்வின் ஓர் ஆண், அவளை இளவரசி என்றுதான் கூப்பிடுவான். கட்டளை அவளுடையது.

கூத்துப் பக்கம் போனால் கதை சுருக்கம். எங்கள் பக்கத்துக் கூத்து வகையான வடமோடியில் போர் நிறைய, ஆனால் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். இப்போது கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பெண்பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடுகிறார்கள்.

தமிழ்த் திரையிலும் ஆரம்பம் அவ்வளவு மோசமில்லை. 1937இல் ‘மின்னல் கொடி’யில் கே. டி. ருக்மணி சண்டை போட்டார். 1990களில் ஜெனரேற்றர் பிடித்து ரி.வி. போட்ட வீடுகளில் நாங்கள் பார்த்தது விஜயசாந்தியின் ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ அதன் மூலத் தெலுங்குப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. ஆனால் அவருக்கு வைத்த பட்டத்தைப் பாருங்கள்: லேடி அமிதாப். பிறகு நயன்தாராவுக்கு லேடி சூப்பர் ஸ்டார். ஆணின் பட்டத்தை வாங்கி, ‘லேடி’ என்று முத்திரை குத்திக் கொடுப்பது.

ஆணின் சொல்லிலிருந்து கிள்ளி எடுத்ததாகத் தோன்றாத சொல் ஒன்று வேண்டும் என்று அப்புறந்தான் உறைத்தது. அது எங்கள் காலடியிலேயே கிடந்தது: நாச்சி. தலைவி, ஆள்கிறவள் என்று பொருள். மட்டக்களப்பு மான்மியம் என்ற எங்கள் பக்கத்து வரலாற்று நூல் மண்முனையை ஆண்டவளாகச் சொல்வது உலகநாச்சியை. 1780இல் சிவகங்கையை மீட்டவர் வேலு நாச்சியார். எங்கள் முஸ்லிம் பெண்களின் பெயரிலும் நாச்சியா வரும். நாச்சி என்றதும் ‘யாருடைய நாச்சி’ என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் போரைச் சேர்த்தால் போர்நாச்சி. புதுச் சொல், கொஞ்சம் கரடுமுரடுதான். சினிமாப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் அதிரடியை விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

மருமகள் ஒரே ஓர் இடத்தில் போர்நாச்சி என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆக்‌ஷன் ஹீரோயினையும் போட்டுக் கொடுத்தாள். ஒப்படை திரும்பி வந்தது. ரீச்சர் அடைப்புக்குறியை வெட்டிவிட்டு, போர்நாச்சிக்கு மேலே சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறா.