மக்காச்சோளத்துக்குச் சுண்ணாம்பு செய்யும் வேலை

கடையில் வாங்கிய மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, மெக்சிகோ ரொட்டியான டோர்ட்டியா தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கல்லில் போட எடுக்கும்போதே ஓரம் விண்டுபோகும். எப்படியோ சுட்டு எடுத்து மடித்தால் நடுவில் உடையும். டாக்கோவுக்குள், அதாவது மடித்த டோர்ட்டியாவுக்குள், வைத்த ராஜ்மாவும் தக்காளி சல்சாவும் தட்டில் கொட்டிவிடும். நானும் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், எண்ணெய் சேர்த்தும் பார்த்தேன். சரியாக வரவில்லை. அரைப்பதற்கு முன்னால் அந்தச் சோளத்துக்கு நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவே இல்லை.

கோதுமை மாவைப் பிசையப் பிசைய குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மாவைச் சேர்த்துப் பிடிக்கும். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. இதற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பகுதி மக்கள் கண்ட வழி சுண்ணாம்பு. குவாத்தமாலாவின் தென் கடலோரத்தில் கி.மு. 1500 - 1200 காலத்துச் சான்றுகளே கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்பில் வெந்த சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்டமால். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்லில் 'நெக்ஸ்ட்லி' என்றால் சாம்பல், 'தமல்லி' என்றால் அவித்த சோளமாவு.

அரை கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 5 கிராம் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, போதும். தண்ணீர் ஒன்றரை லிட்டர். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். ஆனால் உணவுக்கென்று விற்கும் சுத்தமான தூளாக வாங்குங்கள், சுவருக்கு அடிப்பது வேண்டவே வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வர்தான் சரி. முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும்.

காலையில் மூடியைத் திறந்தால் வெள்ளைச் சோளம்கூட மஞ்சளாக மாறியிருக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதைப் போன்ற நிறமாற்றம்தான் இதுவும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுவழுவென்று கழன்று வரும். சோளத்தோலை இறுக்கிப் பிடித்திருப்பது ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை, பி.எச். அளவில் 12 வரை ஏறும்போது அது கரைந்து பிசினாகிறது. உள்ளே மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையாகிறது. சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம், தோலோரத்தில் இருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருளின் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. பிசின், பசை, முடிச்சு என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் குளூட்டன் இல்லாத மாவைப் பிடித்து நிறுத்துகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தாலும், நம் குடலால் பிரிக்க முடியாதபடி மற்ற பொருள்களோடு ஒட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலில் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது, பலர் செத்தார்கள். ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735இல் இதைப் பதிவு செய்தார். இந்த நோய்க்குப் பெல்லாக்ரா என்ற பெயர் பின்னால் வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1914இல் ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்று அல்ல, சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். தீர்க்கும் பொருள் நியாசின்தான் என்று 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்தார். அதுவரை எத்தனை உயிர்கள்! சுண்ணாம்பில் சோளம் வேகவைத்த மெக்சிகோ வீடுகளில் இந்த நோய் அரிதாகவே இருந்தது.

ஊறிய சோளத்தை நன்றாகக் கழுவி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். மெக்சிகோவில் இதற்கு மெதாத்தே என்ற, நம் அம்மி போன்ற எரிமலைக் கல். நம் வீட்டு கிரைண்டரே போதும். மாவுக்கு மாசா என்று பெயர். சின்ன உருண்டையை அழுத்திப் பார்த்து, ஓரம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

நன்கு காய்ந்த கல்லில் போட்டு, ஓரம் காய்ந்ததும் திருப்பி, இரண்டாவது பக்கம் வெந்ததும் மறுபடி திருப்பினால் டோர்ட்டியா சப்பாத்தி மாதிரி உப்பும். இரு பக்கமும் முதலில் வெந்து மூடிக்கொள்வதால் உள்ளே கிளம்பும் நீராவிக்கு வெளியேற வழியில்லை. எடுத்ததும் மடிக்காதீர்கள். துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அந்த ஆவி ஓரம் வரைக்கும் பரவி மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் எத்தனை முறை மடித்தாலும் உடையாது.